ரத்தத்தில் மிதந்த வெண்ணெய்

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பதினான்கு டிகிரி குளிர், லேசான பனிமூட்டம். குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது.

கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார்.

“ஊட்டா எஷ்டு கண்டேகே மாடிதிரி, சார்?” கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று கன்னடத்தில் கேட்கிறார்.

நேற்று மத்தியானம் ஒன்றரைக்கு என்றேன். பதினேழு மணி பத்து நிமிடம்! பன்னிரண்டு மணி நேரம் போதும் என்றிருந்தார்கள். ஐந்து மணி நேரம் கூடுதலாகவே பட்டினி கிடந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்தது. ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 412. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். கீழே ஒரு குறிப்பு — சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) பால் போல் உள்ளது.

பாலா? எழுபத்திநாலு வருஷம் ஒழுங்காக ஓடிய ரத்தம் பாலாகிவிட்டால் என்ன அர்த்தம்? கண்ணை மூடினால் அந்த எண்ணெய் பாட்டில்தான் தெரிந்தது. உள்ளே என் இதயக் குழாய்களும் அப்படித்தானே அடைத்துக்கொண்டிருக்கும்...

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து, இன்ஷூரன்ஸ் பத்திரம் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்றேன்.

“பத்திரம் எங்கயும் ஓடிடாதுப்பா. மொதல்ல டாக்டரப் பாருங்க.”

ஒன்பது நாள் தள்ளித்தான் டாக்டர் கிடைத்தார். அதுவரை? ஆலிவ் எண்ணெய் வாங்கினேன். அதைத் தொடவும் பயந்து, வறட்டுச் சப்பாத்தியாக விழுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள். காலேஜில் விலங்கியல் நடத்தி ரிடையர் ஆனவள்.

“ஏங்க, வெண்ணெய் டப்பா காலியா இருக்கே?”

“சனிக்கிழமை ராத்திரி அடைக்குத் தொட்டுக்கிட்டேன்.”

“அப்புறமும் பாதி இருந்துச்சே!”

“விடிகாலை நாலு மணிக்குப் பசிச்சுது. மீந்த ரெண்டு அடை...”

“டெஸ்ட்டுக்கு முன்னாடியா?”

“அது சாப்பாடு இல்லையே... பலகாரம்தானே!”

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சோறு கிடையாது. வடித்த சோறு உள்ளே போனால்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம். கன்னடத்திலும் அப்படித்தான் — ஊட்டா வேறு, திண்டி வேறு. அந்தப் பெண் கேட்டது ஊட்டாவை. நான் தின்றது திண்டி. இதில் பொய் எங்கே?

என் மனைவி சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கொழுப்பு தண்ணியில கரையாதுங்க. அதனால குடல் அதைப் பொடிப்பொடிப் பொட்டலமாக் கட்டி ரத்தத்துல அனுப்பும். அந்தப் பொட்டலம்தான் பால் மாதிரி தெரிஞ்சிருக்கு. உங்க ரத்தத்துல மிதந்தது என் வெண்ணெய்!”

“அப்ப தேங்கா எண்ணெய் உறையுதே?”

“கொழுப்பு அமிலம்னா நீளமான கார்பன் சங்கிலி. தேங்கா எண்ணெயில பெரும்பாலும் நேரான சங்கிலி. நெருக்கி அடுக்கிக்கும், குளிர்ல உறைஞ்சிடும். நல்லெண்ணெய்ல நடுவுல வளைவு இருக்கு. அடுக்க வராது, அதான் ஓடுது. உங்க உடம்பு முப்பத்தேழு டிகிரி. பெங்களூர் குளிரு அதுக்குள்ள வராது.”

“அப்ப கொழுப்பு கெடுதல் இல்லையா?”

“அளவு மீறினாத்தான். ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் இருக்கிற சவ்வே கொழுப்புதான். துளிகூட இல்லாம வாழணும்னா உங்களுக்கு ஒரு செல்கூட மிஞ்சாது. சும்மா சப்பாத்திய முறைக்காம நெய் தடவிச் சாப்பிடுங்க.”

அடுத்த ஞாயிறு மறுபடி ரத்தம் கொடுத்தேன். இந்த முறை சாப்பாடு, பலகாரம், காபி எதுவுமே இல்லை. மனைவி ஃபிரிட்ஜைப் பூட்டாத குறை. ட்ரைகிளிசரைடு 139! ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். பால் என்ற சொல்லே இல்லை. இரண்டு நாள் கழித்து டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, கிளம்புங்கள் என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஒன்று புரிந்தது. குடலுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. நாம் எந்தப் பெயர் வைத்து உள்ளே அனுப்பினாலும் அது பொட்டலம் கட்டிவிடுகிறது.

டாக்டர் பழைய சிநேகிதர், பணம் வாங்கவில்லை. இரண்டு பரிசோதனை, இன்னும் மூடி திறக்காத ஆலிவ் எண்ணெய், அவளுக்கு நான் திருப்பி வாங்கிக் கொடுத்த வெண்ணெய் — ஆக மொத்தம் அந்த இரண்டு அடைக்கு ஆன செலவு 2,252 ரூபாய்.