இரண்டு கொடிகள்

பெர்லினில் நான் புல்வெட்டும் மைதானத்துக்கு அவர் நீண்ட வெள்ளை மேலங்கியோடு வருவார். டொக்டர் என்று நினைத்து ஒருநாள் என் முழங்காலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "நான் டொக்டர் இல்லை, கோல் பார்க்கிறவன்" என்றார்.

அங்கே ஆடுவது அவுஸ்திரேலியக் கால்பந்துக் கழகம். அவரும் ஊர் நினைவு வந்த சில அவுஸ்திரேலியர்களும் தொடங்கியது. ஒருமுறையும் கோப்பை வாங்கியதில்லை. கோல் என்றால் அவர் இரண்டு கொடிகளை அசைப்பார், ஆறு புள்ளி. பந்து கம்பத்தில் உரசினால் ஒரு கொடிதான், ஒரு புள்ளிதான்.

போன வருட இறுதி ஆட்டம். கடைசி உதை கோலானால் கோப்பை எங்களுக்கு. பந்து கம்பங்களுக்கு நடுவால் போனது. எல்லோரும் துள்ளினார்கள். அவர் ஒரு கொடியை மட்டும் அசைத்தார்.

உதைத்தவன் எங்கட தமிழ்ப் பெடியன், என் முழங்கால் கதை தெரிந்தவன். கம்பத்தருகே நின்ற என்னிடம் வந்தான்.

"அண்ணை, உங்கட டொக்டருக்குக் கண் டொக்டரைப் பார்க்க ஒரு டெர்மின் எடுத்துக் குடுங்கோ!"

பதில் கேட்க அவன் நிற்கவில்லை.

எல்லோரும் மைதானத்தை விட்டுப் போனபின் அவர் என்னிடம் வந்தார்.

"கம்பத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கு?"

எனக்கும் கேட்டிருந்தது. "ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது. தலையாட்டிவிட்டு, ஆட்டக்காரர்கள் இருந்த அறைக்குள் போனார்.

புல்வெட்டும்போது இப்போதும் நினைப்பேன். இரண்டு கொடிகளும் அவர் கையில்தான் இருந்தன.