ரிஸ்பாள் என்றால் தழல்

நான் சொல்லப்போகிற சாட்சியில் செத்தவர் எழுந்திருக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அல்லேலூயா சொல்லலாம் என்று காத்திருந்து யாரும் ஏமாந்துபோகக் கூடாது.

என் அண்ணன் கோவிந்தன் போன வருஷம் மாசி மாதம் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போனார். எங்கள் மலை நெல்லிவாசல்நாடு; எங்கள் ஊர் ஆண்கள் வருஷா வருஷம் இப்படிப் போவதுதான். அடிவாரத்து மேஸ்திரி ஒருவர் ஜீப் கொண்டுவருவார். எல்லோருடைய ஆதார் அட்டையையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு கூட்டிப்போவார். அங்கே ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, தென்னை உயரத்துக்கு ஏறி மிளகு பறிக்க வேண்டும். பத்து நாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பிறகு வரவில்லை.

நான் திருப்பத்தூர் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படித்தவள். அங்கே ஜெபக்குழுவில்தான் ஆண்டவரை அறிந்தேன். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. அண்ணி காவேரி குலசாமியைக் கும்பிடுகிறவர். அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை என்றதும் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், "பயப்படாதீங்க அண்ணி, உயிரோட வந்துருவாரு. ஆண்டவர் எனக்கு வாக்குக் குடுத்துட்டாரு" என்று சொன்னேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்து, அதை நம்பி ஒரு தடவை சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

மறுநாள், அண்ணனோடு வேலை செய்த ஒருவர் மேஸ்திரிக்குத் தெரியாமல் போன் செய்தார். ஏணி வழுக்கி அண்ணன் விழுந்துவிட்டார். விழுந்த அன்றே உயிர் போய்விட்டது. நாளை எண்ணிப் பார்த்தேன். நான் உபவாசத்தைத் தொடங்குவதற்கு முந்தின நாள் அது. செத்துப்போன மனிதருக்காக மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். வாக்கு வேறு கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. உடலை வாங்க உறவுச் சான்று வேண்டும் என்று சித்தப்பா கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினார். அண்ணியும் நானும் பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பின்பக்கம் பிணவறை. குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சுற்றிலும் தெருநாய்கள். அண்ணனின் முகத்தைத் திறந்து காட்டினார்கள். அண்ணிதான் முதலில் பார்த்தார். "அவருதான்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் பதிவேட்டில் இருந்த பெயர் 'குமார்'. பிரச்சினை தன் தலையில் விழாமல் இருக்க மேஸ்திரி பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு, போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார். கோவிந்தனின் மனைவிக்குக் குமாரின் உடலைத் தர முடியாது என்றார் குமாஸ்தா. சித்தப்பா அனுப்பிய சான்றின் படத்தைப் போனில் காட்டினேன். முத்திரையோடு அசல் வேண்டுமாம், அதிலும் 'குமார்' என்று இருக்க வேண்டுமாம். ஒரு வாரத்துக்குள் யாரும் வாங்காவிட்டால் அநாதைப் பிணமாக அங்கேயே புதைத்துவிடுவார்களாம்.

எங்கள் மலையில் சாவு என்றால் பங்காளிகள் எல்லோரும் வர வேண்டும், ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட வேண்டும். அது நடக்காவிட்டால் அண்ணிக்கு அண்ணன் இன்னும் வழியில் அலைகிறவர்தான்.

அண்ணி ஒரு காப்பிச் செடிக் கிளையை ஒடித்துக்கொண்டு பிணவறை வாசலில் உட்கார்ந்தார். நாய் வந்தால் விரட்டுவார். ஜன்னலில் காக்கை வந்தால் எழுந்து போய் விரட்டுவார். மலையில் சாமைக் கொல்லைக்குக் காவல் இருப்பது போலவே இருந்தது. அழவில்லை. யாரிடமும் கெஞ்சவும் இல்லை.

நான்தான் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே சத்தமாக ஜெபித்தேன். அங்கே துப்புரவு வேலை பார்த்த ராஜு அண்ணன், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, நீ ஜெபம் பண்றியா, கிரிக்கெட் கமெண்டரி சொல்றியா? சாமி பதில் சொல்றதுக்குக் கொஞ்சம் கேப் குடும்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது.

நான்காம் நாள் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். இங்கிலீஷ் படிவம். நான் படித்தவள் அல்லவா? நானே பேனா எடுத்து நிரப்பினேன். உடலை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்ற படிவம். எனக்கும் அலுத்துவிட்டது. மூக்கில் அந்த வாடை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஆனால் அதை அப்படிச் சொல்லாமல் பிரசங்கமாகச் சொன்னேன்.

"அண்ணி, உடம்பு வெறும் மண்ணுதான். ஆத்துமாதான் முக்கியம். இங்கயே அடக்கம் பண்ணட்டும். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"இறந்தவரோட சம்சாரம் நான், எனக்குச் சம்மதம்னு."

"சம்சாரம்னு எழுதிக்கீதா?"

"ஆமா அண்ணி."

அண்ணி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உட்டுட்டுப் போறதுக்கு நான் பொண்டாட்டி. எடுத்துக்கினு போறதுக்கு நான் யாரோ. நல்லா கீது பாப்பா உங்க படிப்பு." படிவத்தை என் மடியில் போட்டுவிட்டு, நாயை விரட்ட எழுந்து போய்விட்டார்.

ராஜு அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

அன்று மத்தியானம் ஏதாவது வாக்குத்தத்தம் கிடைக்காதா என்று வேதத்தைப் புரட்டினேன். ரிஸ்பாள் என்ற பெயரில் கண் நின்றது. ஹாஸ்டல் வினாவிடைப் போட்டியில் அந்தப் பெயருக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். ரிஸ்பாள் யார்? சவுலின் மறுமனையாட்டி. பெயரின் பொருள்? தழல். கைதட்டல் வாங்கி உட்கார்ந்தேன். அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது படித்தேன். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொன்று மலையில் போட்டுவிட்டார்கள். அவள் பாறைமேல் சாக்குத் துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுவடைக் காலம் தொடங்கி மழை பெய்கிறவரைக்கும் பறவையும் மிருகமும் அந்த உடல்களை அண்டவிடாமல் காத்தாள். ஜெபித்தாள் என்று ஒரு வரி இல்லை. ஒரு வார்த்தை பேசினாள் என்றுகூட இல்லை. அவள் செய்தது ராஜாவின் காதுக்குப் போனது. ராஜா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தார். அதற்குப் பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது.

தலையைத் தூக்கினேன். எதிரில் அண்ணி கிளையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் நான் நிரப்பிய படிவம் கிடந்தது. கிழித்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு நாய் வந்தது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஜெபம் வரவில்லை.

ஆறாம் நாள் ஒரு பெண் அதிகாரி ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். குமாஸ்தா அவரை முன்பக்கத்தோடு திருப்பி அனுப்பப் பார்த்தார். ராஜு அண்ணன் துடைப்பத்தோடு குறுக்கே போய் நின்று கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் வேலையே போயிருக்கலாம். அந்த அம்மா நேராகப் பின்பக்கம் வந்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவையும் அண்ணி கையிலிருந்த கிளையையும் பார்த்தார். என்ன சொன்னீர்கள் என்று ராஜு அண்ணனைக் கேட்டேன்.

"இன்னா சொல்றது? உங்க அண்ணி சொன்னதைத்தான் சொன்னேன். விட்டுட்டுப் போக சம்சாரமாம், எடுத்துட்டுப் போக யாரோவாம்னு."

அதிகாரி எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கு அங்கிருந்தே போன் செய்தார். பதிவேட்டில் பெயர் திருத்தப்பட்டது. சாயங்காலத்துக்குள் அண்ணனை எங்களிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் தார்ச் சாலை முடிகிற இடம்வரை ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு மேல் பங்காளிகள் தூக்கினார்கள். ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் அண்ணி என்னைக் கேட்டார்: "அங்க இன்னா வேண்டிக்கின பாப்பா, அவ்ளோ சத்தமா?"

பொய் சொல்ல முடியவில்லை. "சீக்கிரம் முடியணும்னு வேண்டிக்கினேன் அண்ணி."

"நான் ஒண்ணும் வேண்டிக்கல. நாய் வந்துச்சு, வெரட்டினேன்."

ஏசாயா தீர்க்கதரிசியின் உதட்டை ஒரு தழல் தொட்டதே, அதற்கும் எபிரெயத்தில் ரிஸ்பாளின் பெயர்தான் என்று பாஸ்டர் ஐயா பிறகு எனக்குக் காட்டினார். ஓயாமல் பேசிய என் வாயையும் ஒன்று தொட்டுவிட்டது. இன்னும் எரிகிறது. அண்ணன் ஏன் விழுந்தார் என்பதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்த மேஸ்திரி இந்த வருஷமும் மலைக்கு ஜீப் கொண்டுவந்தார். ஜீப்புக்கு முன்னால் நின்று ஆதார் அட்டைகளைத் திருப்பி வாங்கி அவரவர் கையில் கொடுத்தேன். திட்டினார். திட்டட்டும்.

உங்க அண்ணி எப்போது ரட்சிக்கப்படுவார் என்று சபையில் சிலர் என்னைக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் பத்து வார்த்தையில் ஜெபிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆறு நாள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். கசப்போடுதான் சொல்கிறேன், ஆனால் மனதாரச் சொல்கிறேன்.

உங்களில் யாராவது இன்று ஆஸ்பத்திரி வாசலிலோ போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுந்து வந்துவிடாதீர்கள். வாக்குத்தத்தம் கிடைக்கவில்லையா, வார்த்தை வரவில்லையா, பரவாயில்லை. உட்கார்ந்திருங்கள். ராஜாவின் காதுக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது.