அண்ணாச்சி வெட்டிப்போட்ட பட்டை

கோமதிநாயகம் அண்ணாச்சி காலமான செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய பட்டறையில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டும் மாசானம். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். அப்போதும் என் மனம் ஏற்கவில்லை. அண்ணாச்சியின் மகள் ஆவுடையை அழைத்து, வேறு எதையோ கேட்க வந்தவன்போலப் பேச்சைத் தொடங்கினேன். அவளே, "ஆமா சார், விடியக்காலம்" என்றாள். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிற பழக்கம் எனக்கு. தகப்பனின் மரணத்தை மகளிடமே சரிபார்த்துக்கொண்டதற்காக அன்று முழுக்க என்னையே நொந்துகொண்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் வண்டி கொண்டுவந்தவர்கள். பேட்டையைத் தாண்டி, சேரன்மகாதேவி சாலையில், புளியமரத்துக்கு அடுத்திருந்த அந்த ஸ்பிரிங் பட்டைப் பட்டறையையும் அதன் வாசலில் கேட்கும் அவருடைய குரலையும் மறந்திருக்க மாட்டீர்கள். நிலபுலனோடு வாழ்ந்த சைவக் குடும்பம். அண்ணன்மார் எல்லோரும் படித்து அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் போனார்கள். பொறியியல் படித்துவிட்டு இவர் மட்டும் உலையையும் எண்ணெய்த் தொட்டியையும் கட்டிக்கொண்டார். யாராவது அதைக் குறையாகப் பேசினால், "அவிய எல்லாரும் சீட்டுல உக்காந்திருக்காவ. சீட்டுக்கு அடியில தாங்க ஒருத்தன் வேண்டாமாவே?" என்பார்.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டைகளை அழுத்திப் பார்க்கும் பிரஸ் ஒன்றை நிறுவித் தரும்படி அண்ணாச்சி கேட்டார். நிறுவப் போனேன், அங்கேயே தங்கிவிட்டேன். ஆசிரியர் கூட்டங்களில் வாய் திறவாதவன் என்று பெயரெடுத்தவன் நான். பக்கத்து நாற்காலிக்காரர் தவறான எண்ணைச் சொன்னால்கூட, தவறு என்னுடையதாக இருக்கலாமே என்று பேசாமல் இருந்துவிடுவேன். அப்படிப்பட்ட ஒருவனை அளக்கிற வேலைக்கு அண்ணாச்சி ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

வேலை இதுதான். லாரி, வேன் போன்றவற்றின் பின்னச்சுக்கு இரு பக்கமும், வில்லாக வளைந்து அடுக்கடுக்காக இருக்கும் எஃகுப் பட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து வளைத்து, எண்ணெயில் முக்கவேண்டும். பிறகு மிதமான சூட்டில் இன்னொரு முறை காய்ச்சவேண்டும். எண்ணெய் சரியாகப் பிடிக்காவிட்டால் பட்டை துவளும். இரண்டாவது சூடு தவறினால் கண்ணாடிபோல் முறியும். நீளவாரியாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு முறுக்கிய செட் என்னிடம் வரும். மேல் பட்டையின் இரு முனைகளிலும் இருக்கும் வளையங்களுக்கிடையே நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளப்பேன். பிரஸ்ஸில் அழுத்தி விடுவித்து மறுபடி அளப்பேன். முதல் அழுத்தத்தில் வளைவு சற்று இறங்கும், அது இயல்பு. அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் அதே உயரத்துக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் எஃகுக்குள் ஏதோ சரியில்லை. திரும்பி வந்த செட்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இல்லாத செட்டை மாட்டக்கூடாது என்பது பட்டறையின் சட்டம்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து வைக்கோல் லாரிக்காரர் ஒருவர் வந்து, இரு பக்கமும் கூடுதலாக இரண்டிரண்டு பட்டைகள் போட்டுத் தரச் சொன்னது நினைவிருக்கிறது. லாரி பின்பக்கம் அமுங்குகிறதாம். அண்ணாச்சி அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"பட்டையக் கூட்டுனா பாரம் எங்கவே போவும்? பட்டை வாங்காட்டா அச்சு வாங்கும். அச்சு வாங்காட்டா சேஸு வாங்கும். கடைசில உம்ம இடுப்பு வாங்கும்."

"அப்பம் போட மாட்டீயளா அண்ணாச்சி?"

"ஒண்ணு போடுதேன். மத்தத உம்ம வைக்கோல்ல குறையும்."

அவருடைய பேச்சு எப்போதும் அப்படித்தான். முகத்துக்கு நேராக இருக்கும், கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் போவார். எனக்கு அது வாய்த்ததில்லை.

இனி நான் சொல்லப்போவது சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி அமாவாசையை ஒட்டி நடந்தது. பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் கோயிலுக்கு ஊர் ஊராக வண்டிகள் ஏறும் நேரம். இசக்கி என்ற ஓட்டுநர் தன் வேனுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூட்டிப் புதிதாகச் செட் கட்டச் சொல்லியிருந்தார். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு குடும்பத்தை, கிடாய்கள், பானைகளோடு ஏற்றிக்கொண்டு அன்று மத்தியானமே அவர் மேலே போகவேண்டும்.

வலது செட் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இடது செட் இரண்டாவது அழுத்தத்திலும் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். சில மில்லிமீட்டர்தான். நூல் தொய்ந்திருக்கலாம், என் கண் தவறியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டு வந்து மெல்லிய கம்பி கட்டி அளக்கலாம் என்று பொட்டு வைக்காமல் தனியே எடுத்து வைத்தேன்.

திரும்பி வந்தபோது செட் அங்கே இல்லை. வேனும் இல்லை.

"மாட்டி அனுப்பியாச்சே சார்" என்றார் மாசானம்.

"பொட்டு வைக்கலையே."

"ரெண்டுலயும் சிவப்பு இருந்துச்சே."

இருந்ததுதான். கோயிலுக்குப் போகிற வண்டி என்று இசக்கி இரண்டு செட்டுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார். அதை என் பொட்டு என்று நினைத்து மாசானம் மாட்டிவிட்டார்.

நான் அண்ணாச்சியின் முன் போய் நின்றேன். மலைப்பாதை வளைவில் மேல் பட்டை முறிந்தால் அச்சு ஒரு பக்கம் விலகும். வண்டி பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். அது எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சின்னச் சந்தேகம் அண்ணாச்சி. நூல் தொய்ஞ்சிருக்கலாம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."

"எந்த வண்டி?"

சொன்னேன். அவர் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார்.

இசக்கியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. "வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். நல்ல பழக்கம், நாசமாப் போவ" என்றார் அண்ணாச்சி. சேரன்மகாதேவியில் அந்தக் குடும்பத்தின் வீடு பூட்டியிருந்தது. வாசலில் வேப்பிலை சிதறிக் கிடந்தது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வழிநெடுக வேன்கள். ஒவ்வொன்றும் இசக்கியின் வேனாகவே தெரிந்து, பிறகு இல்லாமல் போனது. வயல்களுக்கு நடுவே சாலை நேராக ஓடிய இடத்தில் மலை முழுதாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அளவு தவறாக இருக்க வேண்டும் என்று ஒரு மனம் வேண்டியது. அப்படியானால் இவ்வளவு ஓட்டமும் என்னால் வந்த வீண் ஓட்டம் என்று இன்னொரு மனம் கூசியது. அண்ணாச்சி வழியில் ஒரு முறைகூட, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கவில்லை.

பாபநாசத்தில் வனத்துறை சோதனைச் சாவடிக்கு முன் வண்டிகள் வரிசையில் நின்றன. முன்னால் நாலைந்து வண்டிகள் இருக்க, இசக்கியின் வேன் நின்றிருந்தது. அண்ணாச்சி காரைச் சாலையோரம் விட்டுவிட்டு ஓடினார். அந்தக் கனத்த உடம்பு ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். வேனுக்கு முன்னால் போய், இரு கைகளையும் கண்ணாடியின்மேல் ஊன்றி நின்றார்.

"எல்லாரும் இறங்குங்க. இடது பட்டை சரியில்ல."

இசக்கி எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, விளையாடாதீய. பின்னால வண்டி நிக்கி."

"இறங்குலே."

குடும்பத்தில் மூத்த பெண்மணி ஒருவர் சன்னல் வழியே சத்தம் போட்டார். "நேர்ச்சைக்குப் போற வண்டிய மறிக்கீயளே, வெளங்குவீயளா? பட்டை சரியில்லன்னு யாரு சொன்னது?"

அண்ணாச்சி என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியர்த்து, கண்ணாடி மூக்கில் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"இவரா? இவரு நிக்கதே கோணலா இருக்கே. இவரா அளந்தாரு?" என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல். சிரிப்பு எழுந்தது.

இசக்கி இறங்கி வந்து என் எதிரே நின்றார். "சார், நீங்க படிச்சவிய. ஒரே வார்த்தையில சொல்லுங்க. பட்டை முறியுமா, முறியாதா?"

பின்னால் ஹாரன் சத்தம். ஒரு கிடாய் கத்திக்கொண்டிருந்தது. "முறியாது" என்று சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றியது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றேன். "பாதிக்குப் பாதி."

"பாதிக்கா இந்தக் கூத்து?" என்றார் இசக்கி.

"பாதி போதும்" என்றார் அண்ணாச்சி. "ஆத்தா, மொதல்ல பிள்ளையள இறக்குங்க. பைய. உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன், நீங்க இறங்குங்க."

ஏச்சும் முணுமுணுப்புமாக இறங்கினார்கள். மலையிலிருந்து காலியாக இறங்கி வந்த, தெரிந்தவர் வேன் ஒன்றை அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். பானைகளை அவரே தூக்கி மாற்றினார். கிடாய்களின் கயிறுகளை என் கையில் கொடுத்தார். வண்டி புறப்படும்போது அந்தப் பெண்மணி, "பட்டை நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சுதுன்னா, உம்ம கடை வாசல்ல வந்து பேசுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் வேனை இசக்கி மெதுவாக ஓட்டிவர, நாங்கள் அதன் பின்னாலேயே பேட்டைக்குத் திரும்பினோம்.

செட்டைக் கழற்றினார்கள். ஒவ்வொரு பட்டையாகத் துடைத்து, லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்து வெடிப்பு எதுவும் இல்லை. மறுபடி கட்டி, பிரஸ்ஸில் ஏற்றி, முறியும்வரை அழுத்திப் பார்ப்பது என்று நான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, மேல் பட்டையின் நடுவில் நெருப்பை வைத்தார்.

என் குரல் அவ்வளவு உயர்ந்ததை நானே கேட்டதில்லை. "நிறுத்துங்க அண்ணாச்சி. சோதிக்கணும்."

"எதுக்குவே?"

"நான் சொன்னது சரியான்னு தெரியணும்."

அவர் நெருப்பை விலக்காமலே பேசினார். "நல்ல பட்டைன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை நீரு வாயத் திறப்பீரா?"

நான் பிரஸ் இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

"மோசமான பட்டைன்னு தெரிஞ்சா? முழுசாத் தெரியட்டும், அப்புறம் சொல்லுவம்னு இருந்துக்கிடுவீரு. எனக்கு ரெண்டும் வேண்டாம். உம்ம சந்தேகம்தான் வேணும்."

பட்டை இரண்டாக விழுந்தது. மற்றவற்றையும் வெட்டினார். அன்று காய்ச்சிய எல்லாப் பட்டைகளையும் திரும்ப உலைக்கு அனுப்பினார். தொட்டி எண்ணெயை மாற்றச் சொன்னார். என் சிவப்புப் பெயிண்டை எடுத்து மறைத்துவிட்டு, "நாளையில இருந்து பச்சை" என்றார்.

ஒரு பொறியாளனாக, அன்று அவர் செய்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் தெரியாமல் போனது. இசக்கி பல மாதங்கள் எங்கள் பக்கம் வரவில்லை. பாதிச் சந்தேகத்துக்கு மறித்த கதையைச் சொல்லிச் சொல்லி, இன்னும் சிலரையும் வேறு பட்டறைக்குத் திருப்பினார். அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் படுக்கையில் இருந்த நாட்களில் பார்க்கப் போனபோது, அந்தப் பட்டை நல்லதாக இருந்திருக்குமா என்று கேட்டேன். "இன்னும் அரிக்குதாக்கும்?" என்று சிரித்தார். அவரிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பட்டறையைத் திறந்தோம். இப்போது ஆவுடை நடத்துகிறாள். முதலில் வந்தது ஒரு பள்ளிக்கூட வேனின் செட். மூன்றாவது அழுத்தத்தில் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது, இறங்காததுபோலும் இருந்தது. ஓட்டுநர் அவசரப்பட்டார். எனக்கு அருகில் கேட்பதற்கு அண்ணாச்சி இல்லை. எல்லோர் முன்னிலையிலும், "எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றேன்.

ஆவுடை என்னிடம் வந்து, "சார், சோதிச்சுப் பாப்பமா, அப்பா மாரி வெட்டிப் போட்டுருவமா?" என்று கேட்டாள்.

"சோதிப்போம்மா" என்றேன்.

முறியும்வரை அழுத்தினோம். வேனுக்குத் தேவையான பாரத்தைப் போலப் பல மடங்கு தாங்கியது. அது நல்ல பட்டை. என் சந்தேகம் தவறு. ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் இன்னொரு செட்டில் எனக்குச் சந்தேகம் வந்தது. அதையும் சொன்னேன். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது ஒன்றுதான்.