சைக்கிளுக்கும் ரெண்டு எலுமிச்சை

காரைக்காலிலிருந்து வேனில் சைக்கிளோடு வந்து, நேராகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறங்குகிறோம். நாளை விடிந்ததும் என் மகள் ஸ்டெல்லா இந்தப் புது மலை சைக்கிளில் ஊட்டிக்குக் கிளம்புகிறாள். கட்டுக்கயிறு, பேரீச்சம்பழம், செயினுக்கு எண்ணெய் எல்லாம் வாங்கியாயிற்று. சுமை குறையட்டும் என்று பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டியிருக்கிறாள். அவளுடைய உற்சாகம் என்னையும் தொற்றிக்கொள்கிறது. ஆனால் போன வருடம் ஏற்காட்டு வளைவில் அவள் விழுந்ததிலிருந்து, பிரேக் சத்தம் கேட்டாலே நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மார்க்கெட் வாசலில் எலுமிச்சை விற்கும் அம்மாளிடம் நிற்கிறேன்.

“புது வண்டியாண்ணா? காருக்கு நாலு, பைக்குக்கு ரெண்டு.”

“சைக்கிளும்மா.”

“சைக்கிளுக்கா?” என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரிக்கிறார். “உங்க ஃபாதர் மந்திரிச்சிருப்பாரே?”

“தீர்த்தம் தெளிச்சாச்சு. இதுவும் இருக்கட்டும்.”

“அப்பா, மானத்த வாங்காத” என்கிறாள் ஸ்டெல்லா. ஆனாலும் பழங்களைப் பிடுங்கிச் சக்கரங்களுக்கு அடியில் அவளே வைக்கிறாள். ஒரே மிதி. இரண்டும் நசுங்கித் தெறிக்கின்றன. ஒரு வட்டமடித்து வந்து என் முன்னால் கிறீச்சென்று பிரேக் பிடிக்கிறாள். நான் ஒரு கண்ணை மட்டும்தான் மூடுகிறேன்.

“இன்னும் நாலு வாங்குப்பா, வழியில புழிஞ்சு குடிக்க” என்று, பிரஷ் காம்பை வெட்டியவள் பையைத் திறந்து நீட்டுகிறாள்.