கொய்யாப்பழமும் இடது கையும்

கொய்யாப்பழ வாசனை... துணிப்பையைத் தாண்டி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் நானே பொறுக்கி எடுத்த பழங்கள். அன்றைக்கு எனக்குப் பரீட்சை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நடந்தது இது. புதுச்சேரியில் அப்போது பல்கலைக்கழகம் ஏது? ப்ரெவே என்கிற பள்ளிப் பரீட்சை பாஸான பெண்கள் ஐந்தாறு பேரைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு வருஷம் பழக்குவார்கள். அவ்வளவுதான் எங்கள் மேல்படிப்பு.

படித்தது முழுக்கப் பிரெஞ்சுப் புத்தகம். குளிர் நாளில் குழந்தைகளைக் கணப்படுப்பின் அருகே உட்கார வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். முத்தியால்பேட்டையிலிருந்து வெயிலில் நடந்து வந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே அதை மனப்பாடம் செய்வேன். ஒன்றும் புரியாது... புரியாவிட்டாலும் மார்க் வரும்!

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "பாஸானா பள்ளிக்கூடத்துல பாடம் சொல்ற மெத்ரெஸ் வேலைக்குப் போ. இல்லன்னா காரைக்கால் மாப்பிள்ளை வீட்டுக்கு வார்த்தை குடுத்துடுவேன்."

அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்கு வேலைதான் வேண்டும். ராத்தூக்கம் போய்விட்டது.

பரீட்சையன்று பிள்ளைகளுக்கு நடத்திக் காட்ட எனக்கு விழுந்தது வலது கை, இடது கைப் பாடம். நான் சொல்லும் கையால் பிள்ளைகள் பொருளை எடுக்க வேண்டும். ஒத்திகையில் தரையில் கூழாங்கல் பரப்பி வைத்திருந்தேன். "இடது கை" என்றதும் எல்லாம் இடது கையால் டக்கென்று எடுத்தன. ஒரு பிசகு இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். பரீட்சை நடத்த வரும் பிரெஞ்சுக்கார மதாம் அசந்துபோகட்டும் என்று கல்லுக்குப் பதிலாகப் பழம் வாங்கினேன். தரையில் வைத்தால் அழுக்காகுமே என்று நானே கையில் எடுத்து நீட்டினேன்.

"இடது கை!"

ஒரு கையும் வரவில்லை. எல்லோருடைய இடது கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ரொசாலி என்கிற வாயாடி மட்டும் சொன்னாள். "பீச்சாங்கையில வாங்கக் கூடாது. எங்கம்மா அடிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே கிடக்கும் கல்லை எந்தக் கையாலும் எடுக்கலாம். பெரியவர்கள் கொடுக்கும் தின்பண்டத்தை இடது கையில் வாங்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? மதாமோ பிள்ளைகளுக்கு இடம் வலம் தெரியவில்லை என்று நினைத்து உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் காரைக்கால் கண்முன்னே வந்துவிட்டது.

அந்த நேரம் ஒரு சின்ன இடது கை நீண்டது.

செசில். பூக்காரம்மா மகள். அவளுக்குப் பிறவியிலேயே அந்தக் கைதான் முதலில் வரும். அதற்காக வீட்டில் தினமும் அடி.

மதாம் கைதட்டினார். "ட்ரே பியேன்! ரொம்ப நன்று!"

செசில் பழத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழத்தைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடி விழாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் பதறிப்போய், எங்கள் வழக்கத்தில் இடது கையால் வாங்குவதில்லை என்று பிரெஞ்சில் திக்கித் திணறிச் சொன்னேன். மதாம் நிதானமாகக் கேட்டார். "அப்படியானால் நீங்கள் ஏன் அந்தக் கையைக் கேட்டீர்கள், மத்மொசேல்?"

நான் குனிந்து, கீழே கிடந்த பழத்தை எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்கள்! எதற்காக என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் பூக்காரம்மா என்னை நிறுத்தினாள். சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள்.

"மெத்ரெஸம்மா, வெள்ளக்காரம்மா கை தட்டுனாங்களாமே... இனிமே நான் இவள அடிக்கிறதா, வுட்டுடறதா? படிச்சவங்க நீங்க, சொல்லுங்க."

"அடிக்காதீங்க. சோறு மட்டும் சோத்தாங்கையில துன்னட்டும். எழுதறது எந்தக் கையில எழுதுனா என்ன?" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது.

பெரிய வகுப்புக்குப் போனதும் செசிலின் இடது விரல்களில் ரூல்தடி விழுந்தது. பேனாவை வலது கையில்தான் பிடிக்க வேண்டுமாம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆமாம்... மதாம் எனக்குப் பரீட்சை வைத்த அதே புத்தகம், பின்பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பூக்காரம்மா அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முழம் பூ மட்டும் எப்போதும்போல் கொடுத்தாள். அதை வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் இதே குழந்தைக் கல்வியைத்தான் படிக்கிறாள். கணப்படுப்பெல்லாம் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியே பாடம் இருக்கிறதாம். பொறாமையாகக்கூட இருக்கிறது. போன வாரம் அவளிடம் இடது கை சமாசாரத்தைக் கேட்டேன்.

"பாட்டி, அது அவங்க இயல்பு. மாத்தவே கூடாது. புக்லயே இருக்கு." கடகடவென்று சொன்னாள். நாங்கள் அத்தனை பேர் முழித்த கேள்விக்கு ஒரே மூச்சில் பதில். செசிலின் அம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும்... கேட்டிருந்தால் நம்பியிருப்பாளா? அதுவும் தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அக்கா பிள்ளை ஓடிவந்து பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். இடது கை.

அவள் மடியில் அந்தப் பாடப்புத்தகம் விரித்தபடியே இருந்தது. அவள் அந்தக் கையை மெல்லத் தட்டிவிட்டாள். "அந்தக் கையில இல்லடா, இந்தக் கையில வாங்கு."

சொன்ன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு மதாம் என்னிடம் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. பாவம், அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை.