என்னைக் கண்டு ஓடிய அணில்கள்

ஆவடி சேக்காட்டு அணில்களை ஊரைவிட்டே துரத்தியவன் நான்தான். எட்டு வயதில் எனக்கு இந்தப் பெருமை இருந்தது. இன்றும் அது முழுக்கப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அதே ஆணியிலிருந்து உண்டிகோலை எடுப்பார். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்புதான் அவருடைய காடு. கூட இரண்டு கூட்டாளிகள்: ஒருவர் அம்பத்தூரில் லேத் வேலை, மற்றவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். மதியத்துக்குள் நாலைந்து அணில்கள் பையில் விழும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே மிளகு அரைத்துக் கொடுப்பாள். சாப்பிடும்போது அந்தச் சுளிப்பு இருக்காது.

அந்த வருஷம் சித்தப்பா எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார். கொய்யாக் கவை, சைக்கிள் டியூப், பழைய செருப்புத் தோல். அதை வைத்து நான் அடித்தது பக்கத்து வீட்டு அத்தையின் பிளாஸ்டிக் குடத்தை மட்டும்தான். அதுவும், குறிவைத்தது முருங்கை மரத்தை. ஆனால் பாருங்கள், நான் தோப்பில் கால் வைத்த நாளிலிருந்து அணில்கள் குறைய ஆரம்பித்தன. ஐந்து இரண்டானது, இரண்டு ஒன்றானது, அப்புறம் வெறும் பை. அம்மாவுக்குப் பழமொழி உப்பு மாதிரி, போடாமல் எதுவும் இறங்காது. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்: "இன்னா, அணில் ஏறவிட்ட நாய் மாதிரி மூணு பேரும் அண்ணாந்துகினு வர்றீங்க?"

தோப்பில் உட்கார்ந்து மூவரும் ஆராய்ச்சி செய்தார்கள். கொரட்டூர் பசங்கள் வலை போட்டு வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் லேத்துக்காரர். பூனைகள் அதிகமாகிவிட்டன என்றார் லாரிக்காரர். சித்தப்பா மட்டும் வெட்டிப்போட்ட ஒரு மாமரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குட்டியே கண்ல படல மச்சான். கெழடுங்கதான் ஒண்ணு ரெண்டு சுத்துது."

தோப்பில் வாராவாரம் மரம் குறைந்துகொண்டிருந்தது. மரம் போன இடத்தில் வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கற்களை ரொம்பப் பிடிக்கும். குறிபார்த்துப் பழக அவ்வளவு வசதி.

"நான் வந்ததிலேர்ந்துதான் காணோம். என்னைப் பாத்துதான் ஓடிட்ச்சு," என்றேன்.

லாரிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படிப் போடு! தொரைக்கு பயந்துகினு அத்தினி அணிலும் அரக்கோணம் ரயில் ஏறிட்ச்சாம்பா!"

"மொதல்ல ஒண்ணை அடிச்சுக் காட்டு நைனா, அப்பால பேசு," என்றார் லேத்துக்காரர்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றையாவது அடித்தே தீரவேண்டும்.

அடுத்த ஞாயிறு நாலே மரம் மிஞ்சியிருந்தது. கடைசி மரத்தில், தாழ்ந்த கிளையில் ஓர் அணில். வாயில் கொத்தாகத் தேங்காய் நார், மீசை வைத்ததுபோல. சித்தப்பா ரப்பரைக் காதுவரை இழுத்தார். அந்தத் தூரத்தில் அவர் குறி தப்பி யாரும் பார்த்ததில்லை. இழுத்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் தளர்த்தி, என்னை முன்னால் நிறுத்தினார்.

"நீதானடா பெரிய வேட்டைக்காரன். அடி."

"கெடைச்சதே ஒண்ணு, அதையும் கொழந்தை கைல குடுக்கறியே!" என்று பதறி லேத்துக்காரர் தன் உண்டிகோலைத் தூக்கினார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து இறக்கினார். "அவன் முறை."

இழுத்தேன். விட்டேன். வெள்ளைக் கல் டங்கென்றது. அணில் நாரை விடாமல் இறங்கி ஓடி, குவார்ட்டர்ஸ் மதிலேறி மறைந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "பாத்தீங்களா, கடைசி அணிலையும் தொரத்தினது எங்க பையன்தான். இனிமே தோப்பு இவன்து. எனக்கு இங்க வேலையில்ல." தன் உண்டிகோலையும் என் கழுத்தில் மாட்டினார். இரண்டு உண்டிகோல்களோடு, தோள்மேல் உட்கார்ந்து, தெரு முழுக்க ராஜா மாதிரி வந்தேன். அதன்பிறகு அவர் வேட்டைக்குப் போகவேயில்லை.

இப்போது அங்கே வீடுகள். போன மாதம் எங்கள் ஏசி பெட்டிக்குப் பின்னால் நாரும் நூலுமாக ஒரு கூடு. கலைக்கப்போன மெக்கானிக்கைத் தடுத்து, "கை வைக்காத தம்பி, நான் விட்டுவெச்ச வம்சம்," என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அன்று அந்த மரத்தடியில் நாங்கள் நாலு பேர் நின்றோம். நாலு பேரில் நிச்சயமாகக் குறி தவறுகிறவன் யாரென்று பார்த்துத்தான் சித்தப்பா தன் முறையைக் கொடுத்தார். ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன் யாரென்று பார்த்துக் கொடுத்தார் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.