ஒரு ஜல்லிக்கரண்டி குறைகிறது

கடையை விற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் குளித்து, திருநீறு பூசி, சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

“எங்க கிளம்பீட்டீங்க?” என்றேன்.

“கடைக்கு.”

“அது நேத்தோட சாயிரா பானு கடை ஆயிப்போச்சுங்க.”

“தெரியும் புள்ள. அவிய தானே ‘டெய்லி வந்துட்டுப் போங்கண்ணா’ன்னு சொன்னாங்க. போகலைன்னா என்ன நினைப்பாங்க?”

கோளாறே இங்கேதான். எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவரைப் பார்த்து ‘சாப்பிட்டுப் போங்க’ என்போம், ‘அடிக்கடி வாங்க’ என்போம். அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பி யாரும் பாயை விரித்துவிடுவதில்லை. என் வீட்டுக்காரர் விரித்துவிட்டார். வாரத்தில் ஏழு நாளும் போனார்.

அவர் பெயர் மருதாசலம். சோமனூரில் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தவர். அண்டா, கரண்டி, தாம்பாளம், தண்ணீர் டிரம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் பாத்திரத்தில் சோறு வேகாத கல்யாணம் குறைவு. பிறந்தது தாராபுரம் பக்கம், பண்ணை வேலை செய்த குடும்பத்தில். தங்கச்சி கல்யாணத்துக்கு அண்டா கேட்டுத் தோட்டத்துக்காரர் வாசலில் போய் நின்றிருக்கிறார். அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ‘பாக்கலாம் போ’ என்றார்கள். கல்யாணத்தன்று வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தகர டின்னில் சோறு பொங்கினார்கள், அடிப்பிடித்துப் போனது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்பார்.

தறி ஓட்டச் சோமனூர் வந்தவர், எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது மாதம் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் போய் இரண்டு அண்டாவும் ஒரு டஜன் கரண்டியும் வாங்கி வந்தார். பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் என்ன பேர் என்று கேட்டதற்கு, ‘ம.அ.’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறார். ம என்றால் மருதாசலம். அ என்றால் அன்புக்கரசி, அதாவது நான். அந்த ஒரு எழுத்துக்காக முப்பத்திரண்டு வருஷம் அண்டா தேய்த்திருக்கிறேன், வேறென்ன சொல்ல.

கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு சட்டம் எழுதியிருந்தார். ‘எடுத்த சாமான் எல்லாம் திரும்ப வராத வீட்டுக்காரர் கடைப்படி ஏறக்கூடாது.’ அண்டாவை யாரும் ஒளிப்பதில்லை. குறைவது எப்போதும் கரண்டிதான். ஒரு மனுஷன் மூத்த மகள் கல்யாணத்தில் ஒரு ஜல்லிக்கரண்டியை அமுக்கிவிட்டு, மூன்று வருஷம் கழித்து இளையவள் கல்யாணத்துக்கு அந்தக் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வந்து வெளியிலேயே நின்றார். இவர் கரண்டியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ‘உள்ள வாங்க’ என்றார்.

முழங்கால் தேய்ந்துபோய் அண்டா தூக்க முடியாமல் ஆனதும்தான் விற்கச் சம்மதித்தார். வாங்கிய சாயிரா பானு கருமத்தம்பட்டியில் சேர், பந்தல் சாமான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பெண். கெட்டிக்காரி. நல்ல பெண்ணும்கூட. அதனால்தான் ‘வராதீங்க’ என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

ஒருநாள் அந்தப் பக்கம் போனவள் எட்டிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் நாற்காலியில் என் வீட்டுக்காரர். வந்தவர்கள் எல்லாம் அவரிடமே பேசுகிறார்கள். காசு போட்டுக் கடையை வாங்கியவள் சுவரோரம் நின்றுகொண்டு, “அண்ணா சொன்னாச் சரிங்க” என்று தலையாட்டுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “வித்த மாட்டுக்குப் புல்லுப் புடுங்கறது போதாதுன்னு, அது கொட்டாயில போய்ப் படுத்தும் கிடக்கறீங்களே, ஞாயமா?”

“நான் போகலைன்னா அந்தப் புள்ள தடுமாறிப் போயிரும்.”

“அவ ஒண்ணும் தடுமாறல. நீங்கதான் தடுமாறறீங்க.”

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வரும். அன்றைக்கு முழங்காலைத் தடவிக்கொண்டே, “ஊட்டுல உக்காந்தா நான் யாருன்னே எனக்குத் தெரியல அன்பு” என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அன்றைக்கு மூடிக்கொண்டு இரண்டு தோசை அதிகமாக ஊற்றிப் போட்டேன்.

ஆவணி பிறந்தது. தறிக்கூடம் வைத்திருக்கும் தனபால், மகள் நந்திதாவின் கல்யாணத்துக்குப் பாத்திரம் வேண்டும் என்று பழைய பழக்கத்தில் இவர் செல்போனுக்கே கூப்பிட்டிருக்கிறார். இவரும் பழைய பழக்கத்தில், “ஆயிரம் பேருக்குச் சாமான் வந்துரும், நிம்மதியாப் போய்ப் பத்திரிகை வைங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சாயிராவிடம் சொல்ல மறந்துபோனார். இல்லை, சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கடை அவருடையது என்ற நினைப்பு.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் சாயிராவிடம் பேச்சோடு பேச்சாக, “ஞாயித்துக்கிழமை தனபால் ஊட்டுக்கு அண்டா எட்டு அனுப்பணும் அம்மணி” என்றிருக்கிறார்.

“அண்ணா, அன்னிக்கு அண்டா பூராவும் சூலூர் கல்யாணத்துக்குக் குடுத்துப்போட்டேனுங்களே. ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டாங்களே.”

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, “அண்டா இல்லாத கல்யாணம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அன்பு” என்றார். எந்தக் காரியம் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று கடை ஆரம்பித்தாரோ, அதைத் தன் கையாலேயே செய்துவிட்டார்.

திரும்பவும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சாயிரா ஒரு கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தாள். அவிநாசியில் கேட்டாள், இல்லை. பல்லடத்தில் இரண்டு இருந்தது, இரண்டும் ஓட்டை. கடைசியில் சத்தியமங்கலத்தில் தெரிந்தவர் ஒருவர் எட்டு அண்டாவையும் டெம்போவில் ஏற்றி அனுப்பச் சம்மதித்தார். கரண்டியும் தாம்பாளமும் குடோனில் மிச்சம் இருந்தன. எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, “பரவாயில்லீங்கண்ணா, யாருக்கும் நடக்கறதுதான்” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீயைக் குடிக்க முடியாமல் அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீட்டு யார் பேருல போடட்டுங்கண்ணா? தனபால் அண்ணன் பேருலயா?”

“என் பேருல போடும்மா. வாக்குக் குடுத்தவன் நான்.”

சீட்டில் ‘எடுத்துச் செல்பவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை அச்சடித்தவரே அவர்தான். அந்த இடத்தில் அதுவரை அவர் பேனா பட்டதில்லை.

நந்திதாவின் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. முதல் பந்தியிலேயே எங்களை உட்கார வைத்தார்கள். இரண்டு தடவை எழுந்து சமையல்கட்டுக்கு ஓடப் பார்த்தவரை வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மூன்றாவது தடவை அவராகவே பாயசத்துக்குக் கை நீட்டினார்.

திங்கட்கிழமை பாத்திரமெல்லாம் கழுவி டெம்போவில் ஏறியது. எண்ணி ஏற்றியது இவர். முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் எண்ணி ஒன்றுகூடத் தப்பியதில்லை. ஆனால் சாயங்காலம் சாயிராவிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. மூணு தடவை எண்ணிப் பாத்துட்டேன். ஒரு ஜல்லிக்கரண்டி குறையுதுங்க.”

“அப்படிங்களா. தேடிப் பாக்கறேன் அம்மணி. சீட்டு என் பேருலதான இருக்குது. கிடைக்கற வரைக்கும் நான் கடைப்படி ஏற முடியாதே. சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தானே.”

“ஆமாங்கண்ணா. சுவத்துல எழுதியிருக்குதுங்களே” என்றாள். சிரிக்கிறாளா மூக்கை உறிஞ்சுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ஒரு முழம் நீளக் கல்யாணக் கரண்டியை எங்கள் சமையல்கட்டில் மறைக்க முடியாது. ம.அ. என்ற எழுத்து தெரியும்படி அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். ஆணி அடிக்கும்போது அழுதார், நானும்தான். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செருப்பைத் தேடவில்லை. இப்போதும் பழைய ஆட்கள் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். சாயிராவின் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

தீபாவளிக்கு சாயிரா வீட்டுக்கு வந்தாள். நான் அந்தக் கரண்டியால்தான் வடை அள்ளிக்கொண்டிருந்தேன். சட்டிக்குள் கரண்டி பாதிதான் போகும். அவள் கரண்டியைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், சூடாக ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

“கரண்டி கிடைச்சுதுங்களாண்ணா?”

“தேடீட்டேதான் இருக்கேன் அம்மணி.”

“நல்லாத் தேடுங்க. அவசரமே இல்லீங்க” என்று இன்னொரு வடைக்குக் கை நீட்டினாள்.